ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்து யார் போடுவது?

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேச்சு நடையிலேயே தந்திருக்கிறோம்.)



செயலாளர் சார் என்னை லிஃப்ட்டில் பார்த்து, "சிஸ்டர், நம்ம பில்டிங்கில் இந்த வருஷம் மட்டும் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு, நீங்க ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றார். சுகர், பிரஷர், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் பேச நம்மிடம் டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பேச நினைப்பது வேறு. ஆபரேஷன் தியேட்டரின் கதவு மூடிய பிறகு உள்ளே யார் யாருக்கு என்ன பொறுப்பு, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, அந்தக் கதவு மூடுவதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்ய வேண்டும். இவ்வளவுதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொன்னால் சரியாக இருக்காது.

எனக்கு அப்போது சர்வீஸ் ஐந்து வருஷம் இருக்கும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. முப்பத்து நாலு வயசுப் பெண், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். சினைப்பையில் கட்டி. அதை மட்டும் எடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியாயிற்று. உள்ளே வயிற்றைத் திறந்த பிறகு சர்ஜன் பார்க்கிறார், கர்ப்பப்பையிலும் கட்டிகள். "இதையும் எடுத்துடுறதுதான் நல்லது. சிஸ்டர், வெளியே போய் புருஷன்கிட்ட சைன் வாங்கிட்டு வாங்க" என்றார். நான் பேடில் பாரத்தைச் செருகிக்கொண்டு வெளியே போனேன். அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. "டாக்டர் சொன்னா சரிதாம்மா" என்று போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிஷ வேலை.

மூன்றாம் நாள் டிரஸ்ஸிங் மாற்றப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், கட்டியை எடுத்தாச்சில்ல, இனிமே பாப்பா நிக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "டாக்டரைக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் கையின் பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சர்ஜன் கெட்டவர் இல்லை. வேலையில் குறை சொல்ல முடியாது. இன்னொரு முறை வயிற்றைக் கிழிக்க வேண்டாமே என்றுதான் நினைத்தார். மயக்க மருந்து கொடுத்த டாக்டரும் அங்கேதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "சார், இப்ப உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே, அவங்க முழிச்ச பிறகு அவங்களையே கேட்கலாமே" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அந்த அறையில் மூன்று பேருக்கு வாய் இருந்தது. பேச முடியாமல் படுத்திருந்தவள் ஒருத்திதான்.

இதே மாதிரி ஒரு வழக்கு பிறகு சுப்ரீம் கோர்ட் வரை போனது. சமீரா கோலி வழக்கு. 1995 மே மாதம், டெல்லி. 44 வயது, திருமணம் ஆகாதவர். லேப்ராஸ்கோப்பி செய்து என்ன பிரச்சினை என்று பார்க்கத்தான் மயக்கம் கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே உதவி டாக்டர் ஒருவர் வெளியே வந்து, காத்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் எடுக்கப்பட்டன. 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. பதினெட்டு வயது தாண்டிய, புத்தி தெளிவாக உள்ள ஒருவர் மருந்தால் சற்று நேரம் மயங்கியிருக்கிறார் என்பதற்காக அவர் சார்பில் இன்னொருவர், அது பெற்ற தாயாகவே இருந்தாலும், சம்மதம் கொடுக்க முடியாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, ஒரு ஆபரேஷனுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது, டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதைக் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய். ஆபரேஷன் பீஸ் எதுவும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது 25 லட்சம். தொகை குறைவு என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்பது சம்மதத்துக்குப் பதில் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியானது.

நம் வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் ஏன் டாக்டர் ஆனார்? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள், பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் டாக்டர் வேண்டும் என்று. அவருடைய அப்பா டாக்டர்தான், வருகிறேன் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். பிறகு அவர் படித்துவிட்டு வந்து 1900-ல் ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது இன்று எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அந்த மூன்று வீட்டிலும், உள்ளே படுத்திருந்தவளிடம் "உனக்கு என்னம்மா வேணும்" என்று ஒருவராவது கேட்டார்களா?

ஆகவே நம் வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம் வந்ததும் பேனாவை எடுத்துவிடாதீர்கள். கர்ப்பம் தரிக்க முடியாமல் போகும் ஆபரேஷன்களுக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2002-ம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இருவர் என்றால் இருவர். அவளுக்குப் பதிலாக இவர் என்று அர்த்தம் இல்லை.

பாரம் எந்த மொழியில் இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊர் லாட்ஜுகளில் தங்கியிருக்கும் வங்காளிக் குடும்பங்களைப் பார்க்கிறோம். இந்தக் கட்டடத்திலேயே வீட்டில் உருது பேசுகிறவர்கள் பலர். புரியாத மொழியில் போட்ட கையெழுத்து வெறும் மைதான். "எனக்குப் புரியலை, விளக்கிச் சொல்லுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, ஆபத்து என்ன என்பதைச் சொல்லும் கடமை டாக்டருக்கு உண்டு. எடுக்கக்கூடாது என்று நீங்கள் நினைப்பது ஏதாவது இருந்தால், "என்னைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது" என்று அந்தப் பாரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

அடுத்தது எண்ணிக்கை. இது செவிலியர் வேலை. வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்க மாப் என்று ஒரு துணி வைப்போம். ரத்தத்தில் நனைந்த பிறகு அதற்கும் குடலுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் ஒன்றை அதில் வைத்துத் தைத்திருப்பார்கள். ஆரம்பிக்கும் முன் எண்ணி போர்டில் எழுதுவோம். வயிற்றை மூடும் முன் எண்ணுவோம். தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. இரண்டு பேர் சேர்ந்து, சத்தமாக.

ஒருமுறை எனக்கு ஒன்று குறைந்தது. ராத்திரி பதினோரு மணி, அது அன்றைக்கு ஏழாவது கேஸ். "முதல்லயே தப்பா எண்ணியிருப்பீங்க, மூடலாம்" என்றார் சர்ஜன். அந்த ஷூ கம்பெனிப் பெண்ணுக்குப் பிறகு நான் கொஞ்சம் மாறியிருந்தேன். "கவுண்ட் சரியில்லை சார், நான் சைன் பண்ண மாட்டேன்" என்றேன். இருபது நிமிஷம் தேடினோம். திட்டு வாங்கினேன். கடைசியில் உதவி டாக்டர் நின்றிருந்த ஸ்டூலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கேஸிலும் மூடும் முன் அவரே "சிஸ்டர், கவுண்ட்?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு அந்த மரியாதை போதும்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும்? 1963 ஜூலை, அவுரங்காபாத் அரசு மருத்துவமனை. சந்திரிகாபாய் என்ற பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். உள்ளே துணியை விட்டுவிட்டார்கள். மறுபடி திறந்து எடுத்தார்கள், ஆனாலும் சில நாட்களில் இறந்துவிட்டார். அந்த வழக்கு முடிந்தது 1996-ல். முப்பத்து மூன்று வருஷம். விதித்த தொகை 36,000 ரூபாய். ஆனால் சுப்ரீம் கோர்ட் சொன்னது முக்கியம். வயிற்றுக்குள் துணி கிடந்தது என்றாலே கவனக்குறைவு இருந்தது என்றுதான் அர்த்தம். உள்ளே இருந்தவர்களில் யார் விட்டது என்று மயக்கத்தில் கிடந்தவரின் குடும்பம் வந்து நிரூபிக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியை நடத்தும் அரசே பொறுப்பு. 1998-ல் டெல்லியில் ஒரு குழந்தைக்குச் செவிலியர் தவறாக ஊசி போட்ட வழக்கிலும், அந்த வேலையை அவரிடம் விட்டுவிட்ட டாக்டரும் ஆஸ்பத்திரியும் தப்பிக்க முடியாது என்றார்கள். "நான் போடலை, சிஸ்டர் போட்டாங்க" என்பது இப்போது எடுபடாது. அதே நேரம் சிஸ்டரும் "டாக்டர் சொன்னார், போட்டேன்" என்று ஒதுங்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பக்கம், பத்தொன்பது கேள்விகள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டு வெளியே போகும் முன் என்று மூன்று முறை எல்லோரும் நின்று படிக்க வேண்டும். இவர் யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், மருந்து அலர்ஜி உண்டா, எண்ணிக்கை சரியா. இதைத் தயாரித்த குழுவின் தலைவர் அதுல் கவாண்டே, நம் நாட்டிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்துப் பிள்ளை. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை, வாய் திறந்து பேசினார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த கேள்வி, எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொன்னார்களா என்பது. பெயர் சொன்ன ஆள் பிறகு தப்பைப் பார்த்தால் வாய் திறப்பார்.

உங்களில் எத்தனை பேருக்கு உங்களுக்கு மயக்கம் கொடுத்த டாக்டரின் பெயர் தெரியும்? (கூட்டத்தில் ஒருவர் மட்டும் கை தூக்கினார்.) பார்த்தீர்களா. ஆபரேஷன் நடக்கும் நேரம் முழுக்க உங்கள் மூச்சு அவர் கையில். சர்ஜன் பெயரை விசாரித்து விசாரித்துத் தேர்ந்தெடுக்கிறோம், இவரை யார் என்றே கேட்பதில்லை. முன்னாடியே உங்களை வந்து பார்க்க வேண்டியவர் அவர். வந்தால் பொய் சொல்லாதீர்கள். குடிப்பழக்கம், பான்பராக், நாட்டு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நிற்கிறாள் என்று மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு வா என்றால், அதற்குள் ஒரு பிளேட் பிரியாணியை முடித்துவிட்டு வருகிற ஊர் நம்முடையது. கொழுப்புள்ள சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க எட்டு மணி நேரம் ஆகும். மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிர் போகும்.

நம் பகுதிக்கென்று இன்னொன்று. டேனரியில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறைய. குரோம் பட்டுப் பட்டு கையில் புண், அரிப்பு வந்தவர்கள் உண்டு. முட்டி மாற்றவோ எலும்பில் பிளேட் வைக்கவோ போனால் அதை அவசியம் சர்ஜனிடம் சொல்லுங்கள். எவர்சில்வர் பிளேட்டிலும் குரோமியம் உண்டு. அதனால் ஆபரேஷனே கூடாது என்பதில்லை, எந்த உலோகம் வைப்பது என்று அவர் முடிவு செய்ய உதவும்.

தையல் போட்டதும் பொறுப்பு முடிந்துவிடாது. 2022 நவம்பரில் சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினேழு வயசு, கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை. முட்டியில் ஜவ்வு ஆபரேஷன். அதற்குப் பிறகு போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது, டாக்டர்களின் கவனக்குறைவுதான் என்று சுகாதாரத் துறை அமைச்சரே சொன்னார். காலை எடுத்தார்கள், பிறகு அந்தப் பிள்ளையே இல்லை. இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரி மணிக்கு ஒருமுறை விரலைத் தொட்டுப் பார்ப்பது வார்டு செவிலியரின் கடமை. ஜில்லென்று இருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, விரலை அசைக்க முடிகிறதா. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு அவர் வரவில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கூட இருக்கிறவர்களும் பாருங்கள். "வலி இருக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். வலி ஊசி போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எரிந்து விழுவார்கள், விழட்டும்.

சி பிளாக் பாய் போன வாரம் என்னிடம் கேட்டார், "இ.எஸ்.ஐ.யில் இலவசமாத்தானே பார்க்கிறாங்க, அங்க தப்பு நடந்தா என்ன கேட்க முடியும்?" என்று. இலவசம் இல்லை பாய். மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. 2007-ல் கிஷோர் லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. தொழிலாளியும் நுகர்வோர்தான், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காசு கொடுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிகள் 1995-லிருந்தே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவில் கோர்ட். சந்திரிகாபாய் குடும்பம் போனது அந்த வழிதான்.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ ஆபரேஷன் ஆகியிருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதற்கு ரெக்கார்டு வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து சார்ட், செவிலியர் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட பாரம், நான்கையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட முடிவு எல்லாமே தப்பு இல்லை. நன்றாகச் செய்தும் போன உயிர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்னவென்றால், கிரிமினல் வழக்கு என்றால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், வேறொரு தகுதியான டாக்டரின் கருத்தை வாங்கிவிட்டுத்தான் போலீஸ் மேலே போக வேண்டும். அது நியாயம்தான். அதற்காகச் சொந்தக்காரர்கள் ஐம்பது பேர் சேர்ந்து போய் ராத்திரி டியூட்டியில் இருக்கும் பயிற்சி டாக்டரின் சட்டையைப் பிடிப்பது நியாயம் இல்லை. பெரும்பாலும் முடிவெடுத்தவர் அந்நேரம் அங்கே இருக்கவே மாட்டார். அடிபடுவது அந்தப் பிள்ளையும் வார்டு சிஸ்டரும்தான். நானும் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். அப்படி அடிவாங்கிய செவிலியர் அடுத்த முறை பிரச்சினையைப் பார்த்தால் சொல்ல மாட்டாள், ஒதுங்கிப் போய்விடுவாள்.

அந்த ஷூ கம்பெனிப் பெண் என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். டிஸ்சார்ஜ் ஆகிப் போனபோது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். அப்போதும் அவளுக்கு முழுசாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வரும் மாதம் முட்டி ஆபரேஷனுக்குப் போகும் ஏ பிளாக் அக்கா, பாரத்தை முதல் நாளே வாங்கிக்கொண்டு வாருங்கள், நாம் உட்கார்ந்து படிப்போம். வேறு யாருக்காவது வேண்டுமென்றாலும் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.